அசைவும் அறிவும்: குழந்தைகளுக்கான இயன்மருத்துவ வரலாற்றில் விளக்கத்தின் இடம்

நோயாளிக்கு அவனுடைய நோயை எடுத்துரைத்தல் வைத்தியரின் கடமைகளுள் ஒன்று என்பதை இன்று யாவரும் ஏற்பர். நோயாளி ஐந்து வயதுக் குழந்தையாயின் அக்கடமை பெரும்பாலும் பெற்றோருடன் முடிந்துவிடுகிறது. மருந்தினால் தீரும் நோய்களில் இதனாற் சிகிச்சைக்குப் பெருங்குறை நேர்வதில்லை. குழந்தை அறியாமலே மருந்து தன் வேலையைச் செய்யும். இயன்மருத்துவத்தின் நிலை வேறு. அங்கே தசையை இயக்க வேண்டியது அக்குழந்தையே. அது மனங்கொள்ளாத அசைவை வேறெவரும் அதற்காகச் செய்து கொடுத்தல் இயலாது. இவ்வுண்மை மருத்துவ உலகில் எவ்வாறு இடம்பெறலாயிற்று என்பதை, இளம்பிள்ளை வாதத்தை முதன்மையாகக் கொண்டு நோக்குவது பயனுடைத்து.

இளம்பிள்ளை வாதத்தை விளைக்கும் வைரசு முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக் கலங்களைத் தாக்குகிறது. அவை அழிந்த அளவுக்குத் தசைகள் செயலிழக்கின்றன. ஆயினும் தொடுவுணர்ச்சி கெடுவதில்லை, அறிவும் மங்குவதில்லை. கால் அசையாத பிள்ளை தனக்கு நேர்வன யாவற்றையும் உணர்ந்தவாறே படுத்திருந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் ஏறத்தாழ 27,000 பேர் இந்நோய்க்காளாகினர். அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். எஞ்சியோர் பலருக்கு அக்காலச் சிகிச்சை அசையாமையே. வலிய தசை நலிந்த தசையை இழுத்து உறுப்பைக் கோணலாக்கிவிடும் என்று வைத்தியர் அஞ்சினர். எனவே பரிசுச் சாந்துக் கட்டுகளிலும் சட்டங்களிலும் குழந்தைகள் பல மாதங்கள் பிணிக்கப்பட்டனர். பெற்றோர் வந்து பார்ப்பதும் பல வைத்தியசாலைகளிற் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஏன் கட்டினர், எப்போது அவிழ்ப்பர் என்று அறியாத பிள்ளை அதனைத் தண்டனையாகக் கருதியிருப்பின் வியப்பில்லை.

மாற்றத்தின் முதற் குறி பொஸ்ரன் நகரிலே தோன்றியது. 1910களில் அங்கு பணியாற்றிய வைத்தியர் றொபேட் லொவெற்றும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்மின் றைற்றும் ஒவ்வொரு தசையின் வலிமையையும் தனித்தனியே மதிப்பிடும் முறையொன்றை வகுத்தனர். புவியீர்ப்பை எதிர்த்து உறுப்பை உயர்த்த முடிகிறதா, எதிர்த்து அழுத்தும் கையையும் மீறி உயர்த்த முடிகிறதா என்பன அம்முறையின் அளவுகோல்கள். கேட்கப்படுவது யாதென்று குழந்தை விளங்கிக்கொண்டாலன்றி இச்சோதனை நடைபெறாது. இவ்வாறு குழந்தையுடன் பேசவேண்டிய தேவை சிகிச்சைக்குள் நுழைந்தது.

அத்தேவையைச் சிகிச்சையின் நடுவில் நிறுத்தியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த எலிசபெத் கெனி ஆவார். 1880இற் பிறந்த இவர் முறையான தாதிப் பயிற்சி பெற்றவரல்லர். முதலாம் உலகப் போரில் இராணுவத் தாதியாகப் பணியாற்றி ‘சிஸ்டர்’ என்னும் பதவிப் பெயரைப் பெற்றவர். 1930களில் குயின்ஸ்லாந்தில் இவர் நடத்திய நிலையங்களிற் கட்டுகள் அகற்றப்பட்டன. கொதிநீரில் நனைத்து நன்கு பிழிந்த கம்பளித் துண்டுகள் வலியுள்ள தசைகள்மீது இடப்பட்டன. வலி தணிந்தபின் தசைகளுக்கு மறுபயிற்சி தொடங்கியது. தசை எலும்புடன் பொருந்தும் இடத்தைப் பயிற்றுநர் விரலாற் காட்டுவார். அத்தசையின் தொழிலை எளிய சொற்களிற் கூறுவார். பின் உறுப்பைத் தாமே மெல்ல அசைப்பார். குழந்தை முதலில் அவ்வசைவை மனத்தில் நினைக்கவேண்டும். முயல்வது அதன் பின்னரே. வேறு தசையாற் குறுக்குவழியில் அசைக்க முற்படின் அங்கேயே நிறுத்தப்படும். குழந்தை தன் உடலைத் தானே கற்கும் மாணவனாயிற்று.

1938இல் குயின்ஸ்லாந்து அரசு ஆணைக்குழு இம்முறையைக் கண்டித்தது. 1940இல் அமெரிக்கா சென்ற கெனிக்கு மினியாபோலிஸ் நகரில் ஆதரவு கிட்டியது; 1942இல் அங்கு அவர் பெயரால் நிலையமொன்று திறக்கப்பட்டது. எனினும் 1944இல் அமெரிக்க வைத்தியர் குழுவொன்று அவருடைய கோட்பாட்டைக் கடுமையாகச் சாடியது. அச்சாடலில் நியாயம் இல்லாமலில்லை. தசை செயலற்றிருப்பதற்கு இசிவும், மனம் அத்தசையினின்று விலகிவிடுதலுமே பெருங் காரணங்கள் என அவர் வற்புறுத்தினார். அழிந்த நரம்புக் கலமோ எத்துணை நினைத்தாலும் மீளாது. ‘நினைத்தால் அசையும்’ என்று கூறப்பட்ட பிள்ளைக்கு அசையாதபோது நேரும் துயரம் சிறிதன்று; தன் முயற்சி போதவில்லை என்று அது தன்னையே நொந்துகொள்ளும். குழந்தைக்கு விளக்குதல் வேண்டும் என்பதில் கெனி வழிகாட்டினார். விளக்கம் உண்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்பதை அவருடைய வரலாறே நமக்கு உணர்த்துகிறது.

இதே காலப்பகுதியில் ஹங்கேரியிலும் ஒரு முயற்சி உருவாயிற்று. அன்ட்ராஸ் பெற்றோ என்னும் வைத்தியர் பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளுக்காக 1950இற் புடாபெஸ்ற் நகரில் அரச நிறுவனமொன்றைப் பொறுப்பேற்று நடத்தினார். அங்கு குழந்தைகள் குழுவாகக் கூடி, தாம் செய்யப்போகும் அசைவைத் தம் வாயாற் சொல்லி, எண்களை எண்ணியவாறே அதனைச் செய்தனர். விளக்கம் ஆசிரியரின் நாவிலிருந்து பிள்ளையின் நாவுக்கு இடம்மாறியது. இம்முறையின் பயன்பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பிள்ளையின் சொல்லைச் சிகிச்சைக் கருவியாகக் கொண்டமை கருதத்தக்கது.

1955இல் யோனாஸ் சோல்க்கின் தடுப்பூசி வெற்றியென அறிவிக்கப்பட்டது. இலங்கையில் இளம்பிள்ளை வாதத்தின் இறுதி நோயாளி 1993இல் இனங்காணப்பட்டார். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோயற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. நோய் அகன்றபோதும் அது கற்பித்த பாடம் அகலவில்லை. பெருமூளை வாதமுற்ற பிள்ளை, தீக்காயமுற்ற பிள்ளை, உறுப்பிழந்த பிள்ளை ஆகியோர் இன்றும் இயன்மருத்துவரின் முன் அமர்கின்றனர். ‘இது நோகுமா? ஏன் செய்யவேண்டும்? நான் நடப்பேனா?’ என்பன அவர்தம் வினாக்கள். நோகுமாயின் நோகும் எனவும், முழுமையாக நடத்தல் அரிதாயின் எவ்வளவு இயலும் எனவும், அவர்கள் வயதுக்கேற்ற தாய்மொழிச் சொற்களில் விடையிறுத்தல் வேண்டும். தசைகளின் பெயர்களை இலத்தீனிற் கற்றுவரும் நம் மாணவர், அவற்றை ஒரு குழந்தைக்குத் தமிழில் உரைக்கவும் கற்றல் தகும்.