ஜமாஅத் வேனை இயக்கத் தெரியுமா? சாவி, ஹீட்டர், செல்ஃப் – அனைவரும் அறிய வேண்டியவை



நம் ஊர்களில் பல ஜமாஅத்துகளும் இளைஞர் மன்றங்களும் சொந்தமாக வேன் வைத்திருக்கின்றன. நோயாளியைக் கொண்டு செல்ல, ஜனாஸா எடுத்துச் செல்ல, மத்ரஸா பிள்ளைகளை அழைத்து வர என்று அந்த வண்டி இரவு பகலாக ஓடுகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அதன் குணம் தெரிந்தவர் அதன் டிரைவர் ஒருவர்தான். அவர் ஊரில் இல்லாத ஓர் இரவில் அழைப்பு வந்தால், கார் ஓட்டத் தெரிந்த நான்கு பேர் பக்கத்தில் நின்றும் வண்டி கிளம்பாமல் போகலாம். கார் ஓட்டத் தெரிவது வேறு, அந்த வேனைக் கிளப்பத் தெரிவது வேறு.

ஊர்ப் பணத்தில் வாங்கிய வேன் ஓர் அமானிதம். அதைப் பேணுவதில், அவசரத்தில் அதைச் சரியாக இயக்கக் கற்றுக்கொள்வதும் அடங்கும். ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர், டொயோட்டா ஹையேஸ் போன்ற டீசல் வேன்களை மனதில் வைத்து இக்கட்டுரையை எழுதுகிறோம். பெட்ரோல் வேன்களுக்கு மாறுபடும் இடங்களையும் குறிப்பிடுகிறோம்.

சாவி போடும் முன்

சீட்டை முன்னே பின்னே நகர்த்தி, கிளட்ச்சைத் தரைவரை மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரு பக்கக் கண்ணாடிகளையும் திருத்துங்கள். பின்பக்கம் மறைக்கப்பட்ட ஆம்புலன்ஸில் உள்ளே இருக்கும் கண்ணாடியால் பயனில்லை. பக்கக் கண்ணாடிகள்தான் உங்கள் கண்கள்.

ஹேண்ட் பிரேக் இழுக்கப்பட்டிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கியர் லீவரை இடமும் வலமும் ஆட்டினால் தாராளமாக அசைய வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் லீவர் ‘பி’யில் இருக்க, பிரேக்கை மிதித்தபடிதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹெட்லைட், வைப்பர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், சைரன் ஆகியவற்றின் சுவிட்சுகள் எங்கே என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை இரவில் ஓடும் வண்டியில் வைப்பர் சுவிட்சைத் தேடுவது ஆபத்து.

சாவியின் நான்கு நிலைகள்

முதல் நிலை ‘லாக்’. இங்கேதான் சாவி உள்ளே போகும், வெளியே வரும். சாவியை எடுத்த பின் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். மறுபடி சாவி திரும்ப மறுத்தால் பலம் கொடுத்து முறுக்காதீர்கள். ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் பூட்டு விடுபடும். இது தெரியாமல் சாவியை உடைத்தவர்கள் உண்டு.

இரண்டாவது நிலையில் ரேடியோ, சார்ஜர் போன்றவை வேலை செய்யும். மூன்றாவது ‘ஆன்’. டாஷ்போர்டில் விளக்குகள் எரியும் இடம் இதுதான். நான்காவது ‘ஸ்டார்ட்’. இதில் செல்ஃப் மோட்டார் சுழன்று இன்ஜினைச் சுற்றும். கையை விட்டால் சாவி தானாக மூன்றாவது நிலைக்குத் திரும்பும்.

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாவது நிலையில் நிற்காமல் ஒரே இழுப்பில் நான்காவதுக்குப் போய்விடுவார்கள். டீசல் வேனில் அந்த இடத்தில் சில வினாடிகள் நிற்க வேண்டும். காரணம், ஹீட்டர்.

ஹீட்டர் என்றால் இரண்டு

டிரைவர்கள் ‘ஹீட்டர் போட்டு ஸ்டார்ட் பண்ணு’ என்று சொன்னால், அது இன்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டர் பிளக். உள்ளே அமர்ந்திருப்பவருக்கு வெதுவெதுப்பு தரும் ஹீட்டர் வேறு. முதலில் இன்ஜின் ஹீட்டரைப் பார்ப்போம்.

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி வைத்து எரிபொருளைப் பற்ற வைக்கும். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினைந்து இருபது மடங்கு அமுக்கும்போது, அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அதில் டீசல் தெளிக்கப்பட்டதும் தானாகப் பற்றிக்கொள்ளும். இரவெல்லாம் நின்ற இன்ஜினில் இரும்புச் சுவர் குளிர்ந்திருக்கும். காற்றின் சூட்டை அது உறிஞ்சிவிடுவதால் டீசல் பற்றத் தடுமாறும். அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் விரல் நீளத்தில் ஒரு ஹீட்டர் பிளக். மின்சாரம் பாய்ந்ததும் அதன் நுனி செக்கச் சிவந்து பழுக்கும்.

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் எரியும். ஹீட்டர் சூடாகிறது என்பதே அதன் பொருள். அது அணையும்வரை பொறுத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். புது வண்டிகளில் இரண்டு மூன்று வினாடிகள் போதும். பழைய வண்டிகளில் பத்து வினாடி வரை ஆகலாம். கடற்கரை ஊர்களின் வெப்பத்தில் பல வண்டிகளில் அது கண் சிமிட்டும் நேரமே எரியும். அதே வண்டி டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் இரவு தங்கினால், காலையில் அந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

ஸ்டார்ட் ஆனதும் சற்று நேரம் வெள்ளைப் புகை வந்து, இன்ஜின் தட்டுத் தடுமாறி ஓடினால், ஹீட்டர் பிளக் ஒன்றோ இரண்டோ செயலிழந்திருக்கலாம். பழுதைத் தள்ளிப் போடாமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

பெட்ரோல் வேனில் ஹீட்டர் பிளக் இல்லை. பழைய கார்புரேட்டர் வண்டியானால் காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது

கிளட்ச்சை முழுதாக மிதித்துச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு, ஏசி, ஃபேன் எல்லாம் அணைந்திருக்கட்டும். பேட்டரியின் முழு பலமும் செல்ஃபுக்குக் கிடைக்க வேண்டும். இன்ஜின் பிடித்ததும் சாவியை விட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு, மறுபடி ஹீட்டர் விளக்கைப் பார்த்து, மறுபடி முயலுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெடும், பேட்டரியும் இறங்கும்.

ஸ்டார்ட் ஆனவுடன் ஆக்ஸிலரேட்டரை உறுமவிடாதீர்கள். ஆயில் இன்ஜின் முழுதும் ஏற அரை நிமிடம் கொடுங்கள். டர்போ உள்ள வண்டியில் இது மிக முக்கியம். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தும்போதும் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள்.

கிளம்பாவிட்டால், சத்தத்தைக் கவனியுங்கள்

சாவி போட்டும் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால், பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கலாம் அல்லது டெர்மினல் கழன்றிருக்கலாம். டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் துடைத்து இறுக்க வேண்டும்.

‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ந்து சத்தம் வந்து, விளக்குகள் மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, விளக்குகள் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டாரில் கோளாறு இருக்கலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், முதலில் டீசல் முள்ளைப் பாருங்கள். டேங்க் காலியாகி ஓடிய வண்டியில் டீசல் ஊற்றினாலும், குழாயில் ஏர் புகுந்திருந்தால் கிளம்பாது. பல வண்டிகளில் டீசல் ஃபில்டர் அருகே ஒரு கை பம்ப் இருக்கும். அது இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியால் முயலுங்கள்.

டீசல் வண்டியில் தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால், சாவியே போடாதீர்கள். டேங்கைக் காலி செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்க

இரண்டும் 12 வோல்ட் பேட்டரியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லாரி, பஸ்களில் 24 வோல்ட் இருக்கும். அதிலிருந்து எடுக்கக் கூடாது. வண்டிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டும் அணைந்திருக்கட்டும்.

1. சிவப்பு ஒயரின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள்.
2. மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள்.
3. கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள்.
4. அதன் மறுமுனையை, கிளம்பாத வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

நான்காவதில் பலர் தவறுகிறார்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரிக்கு அருகில் பறந்தால் பேட்டரி வெடிக்கக்கூடும். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு நம் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஒயர்களை மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்ற வேண்டும்.

டாஷ்போர்டின் நிறங்கள்

சாவியை ‘ஆன்’ செய்ததும் எல்லா விளக்குகளும் எரிவது இயல்பு. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் சிவப்பு விளக்குகள் அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக் விளக்கு, அதை விடுவித்ததும் அணையும்.

ஆயில் கேன் வடிவ சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். பேட்டரி விளக்கு எரிந்தால், நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. வண்டி சிறிது தூரம் ஓடலாம், அணைத்தால் மறுபடி கிளம்பாது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மஞ்சள் விளக்கு எரிந்தால் பயணத்தை முடித்துக்கொண்டு விரைவில் காட்டுங்கள்.

உள்ளே இருக்கும் ஹீட்டர்

இது இன்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட்டின் சூட்டை எடுத்து உள்ளே அனுப்புகிறது. எனவே இன்ஜின் சூடாகும்வரை சூடான காற்று வராது. நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்பும் குமிழ் இதற்குரியது.

நம் ஊரில் இதன் பெரிய பயன் குளிருக்கல்ல, மழைக்கு. வேன் நிறைய ஆட்கள் ஏறினால் மூச்சின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து பாதையை மறைக்கும். கையால் துடைத்தால் மறுபடி படியும். காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சீக்கிரம் தெளியும். ஏசி ஈரத்தை உறிஞ்சுகிறது. அதோடு சிறிது சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

உயிர் போகும் இரண்டு தவறுகள்

ஒன்று, இன்ஜினை ஓடவிட்டு மூடிய வண்டியில் உறங்குவது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, வண்டி மூடிய ஷெட்டில் நின்றாலோ, உறங்குபவர் விழிக்காமலே போகலாம். மருத்துவமனை வாசலில் இரவைக் கழிக்கும் டிரைவருக்கும் உறவினருக்கும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டு, பிள்ளைகளை வேனில் மறந்து பூட்டுவது. வெயிலில் மூடிய வண்டி சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். மத்ரஸா வேனை நிறுத்தியதும் கடைசி சீட்டு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். சீட்டில் உறங்கிச் சரிந்த பிள்ளை முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

டிரைவரைத் தவிர, உரிமம் உள்ள மூன்று நான்கு பேரையாவது இந்த வேனில் பழக்குங்கள். ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை தானே ஸ்டார்ட் செய்து, ஊரைச் சுற்றி ஓட்டி வரட்டும். நிற்கும் வண்டியின் பேட்டரியும் அதனால் உயிரோடு இருக்கும். மாற்றுச் சாவி எங்கே என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் எடுக்கும் ஒயர், டார்ச், ஜாக்கி, ஸ்டெப்னி வண்டியிலேயே இருக்கட்டும். ஆம்புலன்ஸானால் உள் விளக்கும் கருவிகளும் அணைந்தனவா என்று பார்த்தே இறங்குங்கள். பல இரவுகளில் பேட்டரியைத் தின்பது அதுதான்.

நோயாளி காத்திருக்கும்போது மூன்று முறை முயன்றும் வண்டி கிளம்பாவிட்டால், அதோடு போராடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவர் உடனே 108-க்கு அழைக்கட்டும், இன்னொருவர் அடுத்த வண்டியைத் தேடட்டும். வேனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ, சூரத்துஸ் ஸுக்ருஃபின் 13, 14 ஆகிய வசனங்களில் உள்ளது. மஞ்சள் விளக்கு அணையக் காத்திருக்கும் அந்தச் சில வினாடிகளில் அந்த துஆவைத் தொடங்கிவிடலாம்.

நம் வாகனங்களையும் அவற்றில் பயணிப்போரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.