குறிகாட்டும் கை

ஒரு போட்டி முடிந்ததும் வென்றவருடைய பெயரை ஊரெல்லாம் அறிகிறது. மாலையும் பரிசும் அவரை நாடி வருகின்றன. அந்த வெற்றியை அளந்து சொன்னவர் யார் என்று மட்டும் எவரும் வினவுவதில்லை. ஓட்டப் பந்தயத்தில் முந்தி வருபவனை எல்லாருடைய கண்களும் காண்கின்றன; ஆகவே ஐயத்திற்கு இடம் குறைவு. துப்பாக்கி சுடும் போட்டியோ அத்தகையதன்று. முந்நூறு மீட்டர் தொலைவில் நிற்கும் ஒரு பலகையில் தன் குண்டு எங்கே பட்டது என்பது சுட்டவனுக்கே தெரியாது. அங்கே பள்ளத்தில் மறைந்து நிற்கும் ஒருவர் கோலை உயர்த்திக் காட்டினால்தான் தெரியும். அவர் சொல்லை நம்பியே போட்டி நடக்கிறது. அந்த மனிதரையும், அவரைப் போல ஊதியம் கருதாது சுடுகளத்தில் உழைக்கும் தொண்டர்களையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இதற்கு நான் தேர்ந்துகொண்ட நாடு ஸ்விட்சர்லாந்து.

ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே அமைந்த அச்சிறிய நாட்டில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என நான்கு மொழிகள் வழங்குகின்றன. கான்டன் எனப்படும் மாநிலங்கள் இன்று 26. அந்நாட்டின் படை பெரும்பாலும் குடிமக்களால் ஆனது. உழவரும் தச்சரும் கணக்கரும் ஆசிரியரும் குறிப்பிட்ட காலம் பயிற்சி பெற்றுப் பின்னர்த் தம் தொழிலுக்குத் திரும்புவர். படைத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். ஆதலின் அங்கே துப்பாக்கி சுடுதல் அரண்மனையாரின் பொழுதுபோக்காக இராமல் ஊர்மக்களின் கலையாக வளர்ந்தது. ஊர்தோறும் சுடுவோர் சங்கங்கள் எழுந்தன.

இச்சங்கங்களின் வரலாறு மிகப் பழையது. முதலில் குறுக்குவில்லும் பின்னர்த் துப்பாக்கியும் கொண்டு நகரங்கள் போட்டி விழாக்கள் நடத்தின. அண்டை நகரத்தாரை அழைத்தன. ஜூரிக் நகரில் 1504ஆம் ஆண்டு நடந்த பெருவிழா வரலாற்றில் இடம் பெற்றது. இதனினும் சுவையானது 1576ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார் சுடும் விழா எடுத்தனர். ஜூரிக் நகரத்தார் ஒரு பெரிய பானை நிறையத் தினைக் கஞ்சியைச் சூடாகக் காய்ச்சிப் படகில் ஏற்றினர். லிம்மத், ஆரே, ரைன் என்னும் ஆறுகளின் வழியே ஒரே நாளில் விரைந்து சென்று, கஞ்சியின் சூடு ஆறுமுன் ஸ்ட்ராஸ்பர்க்கில் இறக்கினர். "உங்களுக்குத் துன்பம் நேர்ந்தால் கஞ்சி ஆறுவதற்குள் உதவிக்கு வருவோம்" என்பதே அதன் பொருள். விழாவுக்குச் சென்றவர் பரிசை மட்டும் நாடவில்லை. நட்பையும் நாடினர் என்பதற்கு இது சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்து இறுகிய ஒரே நாடாக இருக்கவில்லை. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 22 கான்டன்கள் தளர்ந்த ஒரு கூட்டணியாய் வாழ்ந்தன. நாணயம் வேறு, சுங்கம் வேறு, சட்டம் வேறு. ஒரு கான்டன் வணிகர் மற்றொன்றினுள் நுழைந்தால் வேற்று நாட்டில் நுழைந்தது போன்ற நிலை. இந்நிலையில் 1824ஆம் ஆண்டு ஆராவ் என்னும் ஊரில் எல்லாக் கான்டன்களுக்கும் பொதுவான சுடும் விழா ஒன்று கூடியது. அவ்வாண்டே, அவ்வூரிலேயே நாடு தழுவிய சுடுவோர் சங்கமும் தோன்றியது. பின்னர் விழா ஊர் ஊராகச் சென்றது. சங்கத்தின் கொடியை ஒரு விழாவை நடத்திய ஊரார் அடுத்த விழாவை நடத்தும் ஊராரிடம் ஒப்படைப்பர். பரிசுப் பொருள்களைப் பொதுமக்களே நன்கொடையாய் அனுப்புவர். 1842ஆம் ஆண்டு கூர் நகரில் நடந்த விழாவுக்கென வெள்ளி நாணயமே வார்க்கப்பட்டது.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாணயமும் சட்டமும் வெவ்வேறாய் இருந்த மக்களுக்கு அக்களத்தில் ஒரே விதி இருந்தது. ஒரே தொலைவு, ஒரே இலக்கு. செல்வர் சுட்டாலும் கூலியாள் சுட்டாலும் துளை பட்ட இடத்தைப் பொறுத்தே மதிப்பெண். இப்பொது விதியைக் காத்தவர்கள் படைத்தலைவர்களோ அமைச்சர்களோ அல்லர். பெயரைப் பதிந்தவர், முறை அழைத்தவர், குண்டு எண்ணிக் கொடுத்தவர், பள்ளத்தில் நின்று குறி காட்டியவர் ஆகிய எளிய மக்களே அதனைக் காத்தனர்.

ஆயினும் வரலாற்றை இனிப்பாக மட்டும் சொல்லுதல் ஆசிரியனுக்கு அழகன்று. அவ்விழாக்களில் மேடையேறியவர் பெரும்பாலும் வலிய நடுவரசை விரும்பிய தாராளக் கொள்கையினர். கத்தோலிக்கப் பழமைவாதிகள் அம்மேடையை ஐயத்துடன் நோக்கினர். 1847ஆம் ஆண்டு இருதரப்பினருக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டில்தான் கிளாரஸ் ஊரில் சுடும் விழாவும் நடந்திருந்தது! ஒரு நல்ல விழா போரைத் தடுத்துவிடும் என்று எவரேனும் கூறினால், இவ்வாண்டை அவருக்கு நினைவூட்டுங்கள். நற்பேறாக, தளபதி துஃபூர் தோற்றவர் மீது கொடுமை நிகழாதவாறு கட்டுப்பாட்டுடன் போரை நடத்தினார். ஒரு மாதத்திற்குள் அது முடிந்தது. மாண்டோர் நூற்றுவர் அளவினரே. மறு ஆண்டு, 1848இல், இன்றைய கூட்டாட்சிக்கு அடிப்படையான அரசியலமைப்புப் பிறந்தது.

அதற்கடுத்த ஆண்டு, 1849இல், விழா மீண்டும் ஆராவ் ஊருக்கே வந்தது. அவ்விழாவைக் களமாக வைத்துக் கோட்ஃப்ரீட் கெல்லர் என்னும் ஜூரிக் எழுத்தாளர் 1860ஆம் ஆண்டு ஒரு குறுநாவல் எழுதினார். நண்பர்களாகிய முதியவர் எழுவர் ஒரு சிறு கொடியும் ஒரு வெள்ளிக் கிண்ணமும் கொண்டு விழாவுக்குச் செல்கின்றனர். கொடியை ஒப்படைக்கும்போது யாரேனும் ஒருவர் பேசியாக வேண்டும். வீரம் பேசிய எழுவருக்கும் மேடையேற நடுக்கம்! கடைசியில் அவர்களுள் ஒருவருடைய மகனாகிய இளைஞன் முன்வந்து பேசுகிறான். முதியோர் தொடங்கிய பொதுப்பணியை இளையோர் ஏற்க வேண்டும் என்னும் கருத்து கதைக்குள் நயமாக அமைந்திருக்கிறது.

1874ஆம் ஆண்டில் வந்த படையமைப்புச் சட்டம் ஒரு புதுமை செய்தது. பயிற்சி முடித்து வீடு திரும்பிய வீரரும் தம் சுடும் திறனைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. அப்பயிற்சியை நடத்தும் பொறுப்பு ஊர்ச் சங்கங்களிடம் வந்து சேர்ந்தது. குண்டு அரசினுடையது, உழைப்பு ஊராருடையது. அம்முறை இன்றும் நின்று நிலவுகிறது. கடமைப் பயிற்சியில் ஒருவர் 300 மீட்டர் தொலைவில் 20 குண்டுகள் சுட வேண்டும். முழு மதிப்பெண் 85. தேறுவதற்கு 42 வேண்டும். ஆகஸ்டு மாத இறுதிக்குள் இதனை முடித்தாக வேண்டும். இஃதன்றிக் 'களச் சுடுதல்' என்னும் விருப்பப் போட்டியும் ஆண்டுதோறும் ஊர்கள் தோறும் நடைபெறுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 300 மீட்டர் பிரிவில் 18 குண்டுகள். முழு மதிப்பெண் 72. நாடெங்கும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் இதில் கலந்துகொள்வது வழக்கம்.

இத்தனை பேரும் ஒரு விபத்துமின்றிச் சுட்டு வீடு திரும்ப வேண்டுமானால் எத்தனை கைகள் உழைக்க வேண்டும்! சுடுகள மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். இவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவர். துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கிறதா, சுட்டு எழுந்தவருடைய துப்பாக்கி வெறுமையாயிற்றா என்று கண் இமையாமல் நோக்குபவர். பெயரும் மதிப்பெண்ணும் எழுத ஒருவர், குண்டுக் கணக்கு வைக்க ஒருவர், பணக் கணக்கு வைக்க ஒருவர் எனப் பலர் வேண்டும். பகலெல்லாம் தம் தொழிலைச் செய்துவிட்டு மாலையிலும் விடுமுறையிலும் வந்து இப்பணிகளை ஏற்பவர்கள் சங்கத்தின் உறுப்பினர்களே.

இவர்களுள் என் மனம் கவர்ந்தவர் குறிகாட்டுபவர். பழைய முறையில் இலக்குப் பலகைகளின் கீழே மண் அரணுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். ஒவ்வொரு குண்டும் தலைக்கு மேலே பாயும். குண்டு பட்டதும் அவர் பலகையை இறக்கித் துளையைத் தேடுவார். கோலின் முனையிலுள்ள வட்டத் தகட்டால் அவ்விடத்தைக் காட்டுவார். துளையின் மேல் தாளை ஒட்டி மறுபடியும் பலகையை உயர்த்துவார். சில இடங்களில் சிறுவர்கள் சிறு காசுக்காக இப்பணியில் அமர்ந்ததும் உண்டு. மேலே படுத்துச் சுடுபவர் தம் நண்பரோ பகைவரோ, அவருக்குத் தெரியாது. அவர் காண்பது துளையை மட்டுமே. இக்காலத்தில் பல களங்களில் மின்னணு இலக்குகள் வந்து அவருடைய வேலையைச் செய்கின்றன. எனினும் அக்கருவியைச் சரிபார்க்கவும், களத்தைக் காக்கவும், ஐயம் எழுந்தால் தீர்ப்புச் சொல்லவும் மனிதர் வேண்டியே இருக்கிறது.

புகழ் வேறு, பணி வேறு என்பதை விளக்க இங்கிலாந்திலிருந்து ஒரு நிகழ்ச்சி கூறுவேன். 1860ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் விம்பிள்டன் திடலில் தொண்டர் படையினரின் போட்டிகள் தொடங்கின. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா அரசியார். 400 கஜத் தொலைவில் இருந்த இலக்கின் நடுப்புள்ளியிலேயே குண்டு பாய்ந்தது. கூட்டம் ஆரவாரித்தது. உண்மையில் துப்பாக்கியை ஒரு தாங்கியின் மீது முன்னரே குறிபார்த்துப் பொருத்தி வைத்திருந்தனர். அரசியார் பட்டுக் கயிற்றை இழுத்தார், அவ்வளவே. துப்பாக்கி பொறியியல் வல்லுநர் ஜோசப் விட்வொர்த் ஆக்கியது. கயிற்றை இழுத்த கையை எல்லாரும் அறிவர். இலக்கருகே நின்று குறி காட்டியவருடைய பெயரை யார் அறிவார்?

ஸ்விட்சர்லாந்துச் சங்கங்கள் இளையோரையும் மறக்கவில்லை. 15 முதல் 20 வயது வரை உள்ளோருக்குச் சங்கங்களில் வகுப்புகள் உண்டு. முதல் பாடம் குறிபார்ப்பதன்று. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளுதலே. ஜூரிக் நகரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் 13 முதல் 17 வயது வரை உள்ள மாணவர்க்கென 'சிறுவர் சுடும் விழா' நடக்கிறது. பெயர் சிறுவர் விழா என்றிருந்தாலும் 1991ஆம் ஆண்டு முதல் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். அவர்களும் முதற்பரிசை வென்றுள்ளனர்.

துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் அதனால் விளையும் துயரையும் பேசக் கடமைப்பட்டவர். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சூக் கான்டன் சட்டமன்றத்தில் ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றான். நாடே கலங்கியது. வீரர்களின் வீட்டில் குண்டுகளை வைக்கும் வழக்கத்தைக் கைவிட 2007ஆம் ஆண்டு முடிவாயிற்று. படைத் துப்பாக்கிகளையும் வீடுகளிலிருந்து அகற்ற வேண்டும் என்னும் திட்டம் 2011ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. 56 விழுக்காட்டினர் மறுத்தனர். 2019ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கும் திட்டம் வந்தது. சுடுவோர் சங்கங்கள் அதனைத் தீவிரமாக எதிர்த்தன. ஆனால் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர். சங்கத்தார் தோற்றனர். சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவர்களுடைய போட்டிகளும் புதிய சட்டத்தின்கீழ்த் தொடர்ந்தன.

துப்பாக்கியை நேசிப்பவன் அல்லன் நான். அதனை இல்லத்தில் வைப்பது நன்றா தீதா என்பதில் அந்நாட்டாரே ஒருமனப்படவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தோல்வியை ஏற்கும் பண்பு தானாக வருவதில்லை. எண்ணியவர் நேர்மையாக எண்ணினார் என்னும் நம்பிக்கையிலிருந்தே வருகிறது. அந்நாட்டில் பல ஊர்களில் வாக்குகளை எண்ண அமர்வோரும் ஊர்க் குடிமக்களே. சுடுகளத்தில் தன் குண்டு தவறியது என்று பள்ளத்திலிருந்து வரும் குறியை ஏற்றுப் பழகியவர், வாக்குச் சீட்டின் தீர்ப்பை ஏற்பதும் எளிதாகும் அன்றோ?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றியவன் என்னும் உரிமையில் ஒரு சொல். விளையாட்டு விழா வரும்போது ஓட வேண்டும், தாண்ட வேண்டும், வெல்ல வேண்டும் என்று பெயர் கொடுக்கும் மாணவர் பலர். முடிவுக் கோட்டில் கயிறு பிடிக்கவும், தாண்டிய தொலைவை நாடாவால் அளக்கவும், வெயிலில் நின்று மதிப்பெண் எழுதவும் நான் ஆள் கேட்கும்போது கை தூக்குவோர் சிலர். அச்சிலரின் பெயர்களே இன்றும் என் நினைவில் நிற்கின்றன. தன் வகுப்புத் தோழன் தோற்றான் என்று எழுத நேர்ந்தபோதும் எழுதுகோல் நடுங்காத பிள்ளைகள் அவர்கள்.

நீங்களும் வெல்ல முயலுங்கள். அது இளமையின் இயல்பு. அவ்வாறே ஆண்டுக்கு ஒரு நாளாவது பிறருடைய போட்டியில் அளப்பவராகவும் எழுதுபவராகவும் நில்லுங்கள். உங்கள் ஊர்ச் சங்கமோ நூலகமோ கழகமோ எதுவாயினும் சரி, அதன் கணக்கேட்டைச் சுமக்க ஒருவர் தேவைப்படுகிறார். அங்கே சென்று, "நான் செய்கிறேன்" என்று சொல்லுங்கள்.