எலும்புருக்கியும் சேத்துப்பட்டு ஆய்வும்

1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காலமானார். அகவை நாற்பத்திரண்டு. 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனே சென்றிருந்தபோது முற்றிய காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதுமருந்து காசநோயில் பயன் தருகிறது என்பதைச் சமவாய்ப்பு முறையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து நிறுவிய அறிக்கை அது. இடைவெளி நான்கே மாதம். வகுப்பில் புதுமைப்பித்தன் கதைகளை நடத்தும்போது, "மருந்து கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் அல்லவா?" என்று எவரேனும் ஒரு மாணவர் கேட்காத ஆண்டில்லை. இலக்கிய அன்பர்கள் பலருக்கும் இந்த ஆதங்கம் உண்டு.

ஆதங்கம் நியாயமானதே. ஆயினும் அந்த அறிக்கையைத் தொடர்ந்து நடந்தவற்றைப் பார்த்தால், மருந்து வந்துவிட்டால் நோய் போய்விடும் என்ற நம்பிக்கை அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. அவ்வாய்வில் இடம்பெற்றவர்கள் 107 பேர். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் முதற்பிரிவில் 4 பேரும் இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்திருந்தனர். இவ்வளவில் நின்றால் இது வெற்றிக்கதை. ஐந்தாண்டு கழித்து அதே நோயாளிகளைத் தேடிச்சென்று எண்ணியபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும் பெறாத 52 பேரில் 35 பேரும் மாண்டிருந்தனர். முதலில் கண்ட பெரும் வேறுபாடு ஏறக்குறையக் கரைந்துபோயிருந்தது.

காரணம் முதல் அறிக்கையிலேயே இருந்தது. மருந்து பெற்றவர்களுள் பெரும்பாலோரின் சளியில், சில வாரங்களுக்குள்ளாகவே, அம்மருந்துக்கு மசியாத கிருமிகள் தோன்றிவிட்டன. நோயாளி தேறுவார், காய்ச்சல் தணியும், உடல் சற்றுப் பூரிக்கும், பிறகு பழைய இடத்துக்கே திரும்புவார். ஜார்ஜ் ஆர்வெல்லும் 1948இல் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில், அமெரிக்காவிலிருந்து நண்பர் உதவியால் தருவித்த இதே மருந்தை ஏற்றுக்கொண்டார். அவருடைய உடம்போ மருந்தையே தாங்கவில்லை. தோலும் வாயும் புண்ணாகி, நகங்கள் கெட்டு, சிகிச்சை நிறுத்தப்பட்டது. 1950 ஜனவரியில் அவர் இறந்தார். ஒருவரிடம் கிருமி மருந்தை மறுக்கிறது. மற்றொருவரிடம் உடம்பு மறுக்கிறது. புதுமைப்பித்தனுக்கு அந்த ஊசிகள் கிடைத்திருந்தாலும் சில மாதங்கள் கூடியிருக்கலாம். அதற்குமேல் உறுதி சொல்ல வழியில்லை.

கிருமி எப்படி மறுக்கிறது என்பதை நம்மில் பலர் தவறாகவே விளங்கிக்கொண்டிருக்கிறோம். மருந்தைக் கண்டு கிருமி 'பழகிக்கொள்கிறது' என்பது வழக்கிலுள்ள பேச்சு. உண்மை வேறு. நோய் முற்றிய நுரையீரலில் ஏற்படும் ஒரு குழியில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று, மருந்தைப் பார்ப்பதற்கு முன்னரே, பிறவியிலேயே அம்மருந்துக்கு அடங்காததாக இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் அடங்குபவை மடியும், அடங்காத சிலவற்றுக்கு இடமும் உணவும் தாராளமாகக் கிடைக்கும், அவை பெருகும். சளியில் கிருமியின் தொகை முதலில் விழுந்து பின்னர் எழுவதன் உட்பொருள் இதுதான். களையெடுத்தவன் பயிரையும் பிடுங்கிவிட்டுக் கோரையை மட்டும் விட்டுவைத்தாற்போல.

இதற்கு விடையும் கணக்கிலேயே இருந்தது. ஒரு மருந்துக்கு அடங்காதது பத்து லட்சத்தில் ஒன்று என்றால், வேறுவகையில் வேலை செய்யும் இரு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காதது லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் ஓர் உடம்பில் இருப்பது அரிது. சுவீடன் நாட்டு லேமன் உருவாக்கிய 'பாஸ்' என்னும் மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு 1950இல் வெளிவந்தபோது, சேர்த்துப் பெற்றவர்களில் மிகச் சிலரிடமே எதிர்ப்புக் கிருமி தோன்றியது. 1952இல் ஐசோனியாஸிட் வந்தது. மலிவானது, வாயால் விழுங்கக்கூடியது, வலிமைமிக்கது. காசநோய்க்கு உண்மையான மருத்துவம் இங்குதான் தொடங்குகிறது.

எலும்புருக்கி என்றார்கள் நம் முன்னோர். க்ஷயம் என்றது வடமொழி. இரண்டும் உடம்பு தேய்வதைச் சொல்லும் பெயர்கள். காசம் என்பதோ வெறும் இருமல். தேய்வது நோயின் இயல்பு என்று கண்டவர்கள், தேய்வை நிறுத்துவதே மருத்துவம் என்று கருதியதில் வியப்பில்லை. மருந்தில்லாக் காலத்தில் உலகெங்கும் நல்ல காற்று, நல்ல உணவு, அசையாத ஓய்வு இவையே சிகிச்சை. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரமும், டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவியதும் இவ்வகைச் சானடோரியங்கள். பின்னது இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக வாழ்கிறது. அங்கே தினமும் ஏறி இறங்குவோரில் எத்தனை பேர் அச்சொல்லின் பொருளை நினைக்கிறார்களோ தெரியாது.

ஐம்பதுகளில் இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம். படுக்கைகளோ அவற்றுக்கு எவ்வகையிலும் ஈடாகாத தொகை. இந்நிலையில் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தோற்றுவிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி நடத்தியது. தலைமையேற்க வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். மேலே சொன்ன ஐந்தாண்டுக் கணக்கை 1954இல் எழுதி வெளியிட்டவர்களுள் அவரும் ஒருவர். தனி மருந்தின் தோல்வியை எண்ணிப் பார்த்த கையே சென்னையின் ஆய்வையும் வகுத்தது என்பது நோக்கத்தக்கது.

ஆய்வின் வினா எளியது. சென்னை நகரின் ஏழைக் காசநோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஒரு சாராருக்கு ஓராண்டு சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் செவிலியர் கவனிப்பும். மற்றவருக்கு அவரவர் வீடே மருத்துவமனை. நெரிசலான ஓரறை வீடு, அரைவயிற்றுச் சோறு, முடிந்தபோது கூலிவேலை. மருந்து மட்டும் இருசாராருக்கும் ஒன்றே: ஐசோனியாஸிடும் பாஸும், பன்னிரண்டு மாதம்.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு நிறைவில் நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86. சானடோரியப் பிரிவில் 92. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், எடையும் கூடுதலாக ஏறினார்கள். ஆனால் கிருமியை ஒழிப்பதில் அந்த எடையும் ஓய்வும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. தொடர்ந்து ஐந்தாண்டுகள் கவனித்தபோதும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். வீட்டில் வைத்து மருத்துவம் செய்தால் குடும்பத்தார்க்குத் தொற்றும் என்ற அச்சமும் பொய்த்தது. தொற்றவேண்டியது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுமுன்பே தொற்றிவிடுகிறது; மருந்து தொடங்கியபின் ஆபத்து விரைவாகக் குறைந்துவிடுகிறது. நூறாண்டுச் சானடோரிய நம்பிக்கையைச் சேத்துப்பட்டு முடித்துவைத்தது என்று சொன்னால் மிகையில்லை. மேலைநாடுகளிலும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இதன் பங்கு உண்டு.

இவ்வாய்வைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இவ்விடத்தில் நிறுத்திவிடுவார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. வீட்டிலிருந்தவர்கள் எப்படி அத்தனை ஒழுங்காக மருந்துண்டார்கள்? பாஸ் விழுங்குவதற்கு இனிய பொருளன்று. நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவில் உட்கொள்ள வேண்டியது. குமட்டும், வயிறு போகும். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்றுவிடும். நலமாக இருப்பவன் குமட்டும் மருந்தை இன்னும் ஒன்பது மாதம் ஏன் தின்ன வேண்டும்? மையத்தார் இதை உணர்ந்தே இருந்தார்கள். நோயாளி அடிக்கடி மையத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் ஆள் தேடி வரும். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைப் பெற்று அதில் மருந்தின் சுவடு இருக்கிறதா என்று சோதித்தார்கள். மருந்தைத் தானே உண்ணும் மனிதன் என்பதே மருத்துவத்தின் பெரும் சிக்கல் என்பதை ஃபாக்ஸ் அந்நாளிலேயே எழுதினார். யார் இடையில் விடுவார் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பது அவ்வனுபவத்தின் பாடம். எனவே அடுத்தடுத்த ஆய்வுகளில் வாரம் இருமுறை நோயாளியை மையத்துக்கு வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை சோதிக்கப்பட்டது. 1964இல் வெளியான முடிவு அது நன்கு பயன்படுவதைக் காட்டியது. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகைச் சுற்றிவந்த முறைக்கு வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது.

ஆக, சென்னை ஆய்வு மெய்ப்பித்தது இரண்டு செய்திகளை. படுக்கை தேவையில்லை என்பது ஒன்று. படுக்கைக்குப் பதிலாக இடையறாத மருந்தும் வீடுதேடிச் செல்லும் மனிதர்களும் தேவை என்பது மற்றொன்று. முதலாவது செலவைக் குறைப்பது. இரண்டாவது செலவைக் கேட்பது. 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் முதலாவதை மனமுவந்து ஏற்றது. இரண்டாவது, மாவட்டங்களின் சுகாதார நிலையங்களில், மாதம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிச் செல்லும் சீட்டாகச் சுருங்கியது. மருந்து இருப்பில்லாத மாதங்கள், கூலி போய்விடுமென்று வராத நோயாளிகள், வராதவரைத் தேட ஆளில்லாத நிலையங்கள். அறிவியலின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது அறிவியல் ஆகாது என்பது நம் கருத்து. அரைகுறை மருத்துவத்தால் நோயாளி உடனே சாவதில்லை என்பது இதில் கொடுமை. அவர் எதிர்ப்புக் கிருமியைச் சுமந்துகொண்டு நெடுநாள் நடமாடுகிறார்.

உடம்புக்கு உடம்பு உள்ள வேறுபாட்டையும் சென்னை ஆய்வாளர்கள் விடவில்லை. ஐசோனியாஸிடைச் சிலருடைய ஈரல் விரைந்து செயலிழக்கச் செய்துவிடும், சிலருடையது மெதுவாக. இது பரம்பரையாக வருவது. தென்னிந்தியரில் மெதுவானவர்களே மிகுதி. அன்றாடம் மருந்துண்டால் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது விரைந்து அழிப்பவர்கள் பின்தங்கினார்கள். இடைவெளி நீளநீள, கிருமி தலையெடுக்கும் அவகாசமும் நீளும். ரிஃபாம்பிசின் வந்து சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தபின்னும் இந்தியா வாரம் மும்முறை முறையையே நெடுங்காலம் கைக்கொண்டது. 2017இல்தான் தினமும் மருந்து என்று மாறியது. எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிகளிடம் இடைவிட்ட முறை ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கு வழிவிடுகிறது என்பதை, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாறியுள்ள அதே சேத்துப்பட்டு நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீரிழிவும் சேர்ந்துகொள்கிறது. 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், தமிழ்நாட்டுக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது.

2011 டிசம்பரில் மும்பை மருத்துவர்கள் சிலர், சோதித்த எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் நான்கு பேரிடம் கண்டதாக எழுதினார்கள். அரசு அந்தப் பெயரை மறுத்தது. பெயர் கிடக்கட்டும், பல தனியார் மருத்துவர்களிடம் மாறிமாறி, முறையற்ற மருந்துச் சீட்டுகளோடு நோயாளிகள் அலைந்த வரலாறு அதில் இருந்தது. மருந்தெதிர்ப்பு என்றவுடன், "ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை" என்று நோயாளியை ஏசும் வழக்கம் நம்மிடம் உண்டு. இன்று எதிர்ப்புக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகவே தொற்றுகிறது. வாழ்நாளில் ஒரு காசநோய் மாத்திரையும் தொட்டிராதவர் முதல் நாளிலேயே மருந்தெதிர்ப்பு நோயாளியாக வருகிறார். அவரை எதற்காக ஏசுவது?

உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உணவு முக்கியமில்லை என்று சேத்துப்பட்டு நிறுவியதாகச் சிலர் நெடுநாள் எழுதிவந்தனர். அவ்வாய்வு சொன்னது, தக்க மருந்து ஒழுங்காகச் சென்றால் கிருமி அடங்குவதற்கு நல்லுணவு நிபந்தனையன்று என்பது மட்டுமே. யார் நோயில் விழுகிறார், மருந்து வேலை செய்வதற்குள் யார் இறக்கிறார் என்பவை வேறு வினாக்கள். அவற்றுக்கான விடை 2023இல் ஜார்க்கண்டிலிருந்து வந்தது. நான்கு மாவட்டங்களில் நோயாளிகளின் குடும்பத்தார்க்கு அரிசி, பருப்பு முதலிய உணவுப்பொருள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளுள் முதல் இரு மாதத்தில் எடை கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது. எலும்புருக்கி என்று பெயரிட்டவர்கள் ஏதோ ஒன்றைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. புதிதாக நோய் கண்டறியப்படுபவரின் எடை, உயரம், மூச்சுத் திணறல், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றை முதலிலேயே பார்த்து, மிக நலிந்தவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சேத்துப்பட்டு ஒழித்த படுக்கை, வேண்டிய சிலருக்கு மட்டும், சில நாட்களுக்கு, திரும்பி வந்திருக்கிறது. மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய்.