கல்லீரல் தழும்பை அளந்த வரலாறு

மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலோ, கொழுப்புப் படிவாலோ கல்லீரல் நெடுநாள் புண்பட்டால், அழிந்த செல்களின் இடத்தில் நார்த்திசு படிகிறது. ஃபைப்ரோசிஸ் எனப்படும் இத்தழும்பு முற்றிய நிலையே சிரோசிஸ். வலி காட்டாமல் வளரும் இதன் அளவை அறிய, 20ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் பெரிதும் நம்பியது, விலா எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தித் திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் பயாப்சி முறையையே. 1958இல் இத்தாலியரான மெங்கினி, ஒரே நொடியில் துணுக்கை உறிஞ்சியெடுக்கும் ஊசியை விவரித்தபின் அது எங்கும் பரவியது.

ஆனால் அத்துணுக்கு கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கே. மந்தாரக்குப்பத்தை அடுத்த நெய்வேலி நிலத்தில், 1940களில் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தே பழுப்பு நிலக்கரிப் படுகையை மதிப்பிட்டனர். நோயாளியின் உடலிலோ ஒரு துளைக்கே இடமிருந்தது, தழும்போ கல்லீரல் முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி ஆன்டிஜெனைக் கண்டறிந்த நோபல் பரிசாளர் புளும்பெர்க்கும் இடம்பெற்ற குழு ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கீழாநெல்லி ஆய்வும், அந்த ஆன்டிஜென் ரத்தத்திலிருந்து மறைகிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டது. அதன் முடிவைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. வைரஸின் தடயத்தை ரத்தத்திலேயே காண முடிந்த அக்காலத்திலும், தழும்பின் அளவுக்கு மருத்துவர் ஊசியைத்தான் நாட வேண்டியிருந்தது.

2003இல் இரு வழிகள் திறந்தன. பாரிஸில் லோரான் சான்ட்ரின் குழு வெளியிட்ட முறையில், விலாவின்மேல் வைத்த கருவி மெல்லிய அதிர்வை உள்ளே அனுப்ப, அது கல்லீரலில் ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கிறது. இறுகிய திசுவில் அதிர்வு விரைந்தோடும். ஃபைப்ரோஸ்கேன் என்று இன்று அறியப்படுவது இதுவே. அதே ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, ரத்தப் பரிசோதனை அளவுகளிலிருந்து தழும்பை மதிப்பிடும் ஏப்ரி என்னும் கணக்கையும், 2006இல் ஸ்டெர்லிங் குழு ஃபிப்-4 என்னும் கணக்கையும் வெளியிட்டன. பின்னதில், வயதை எஸ்ஜிஓடி என்னும் கல்லீரல் நொதியின் அளவால் பெருக்கி, ஆயிரங்களில் எண்ணிய பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடி என்னும் மற்றொரு நொதி அளவின் வர்க்கமூலத்தையும் பெருக்கிவரும் தொகையால் வகுக்க வேண்டும். 50 வயதுடையவருக்கு எஸ்ஜிஓடி 80, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.5 லட்சம் எனில் விடை 3.33. இது 3.25ஐத் தாண்டினால் முற்றிய தழும்பை ஐயுற வேண்டும். தழும்பு முற்றும்போது குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் கூடி, மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைத் தேக்கிக்கொள்வதாலேயே அவ்வெண்ணிக்கை இக்கணக்கில் இடம்பெறுகிறது.

இவ்விரு வழிகளில் மந்தாரக்குப்பம் போன்ற ஊர்களுக்குப் பெரும்பேறு இரண்டாவதே. விலையுயர்ந்த கருவி பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிட, இக்கணக்குக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனைகளே போதும். இளையோரிடமும் முதியோரிடமும் ஃபிப்-4 பிழைபடும் என்பதும், நோயை உறுதிசெய்வதைவிட இல்லையென விலக்குவதிலேயே வலிமை மிக்கது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. 2018இல் இந்திய அரசு தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிகிச்சை நெறிகளில் இவ்விரு கணக்குகளும் இடம்பெற்றன. ஹெபடைடிஸ் பி நோயாளிக்குச் சிகிச்சை தொடங்குவதற்கான ஏப்ரி அளவாக 2015இல் 2ஐக் குறித்த உலக சுகாதார நிறுவனம், 2024இல் அதை 0.5ஆகக் குறைத்து, சிரோசிஸ் வரும்வரை காத்திருந்தவர்களுக்கும் முன்னதாகவே மருந்து கிடைக்க வழிசெய்தது.