நள்ளிரவுத் தடையின் பத்தாண்டுகள்

தென்கொரியாவில் ‘பிசி பாங்’ என்று வழங்கும் கணினி விளையாட்டுக் கூடங்கள் பெருகியதற்கு, 1997-இல் அந்நாட்டைத் தாக்கிய நிதி நெருக்கடி ஒரு முதன்மைக் காரணம். நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கியபோது வேலையிழந்தவர்கள் பலர், கைக்கு வந்த பணத்தை முதலாகப் போட்டு இக்கூடங்களைத் திறந்தனர். 1998 மார்ச் இறுதியில் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் என்னும் போர்த்தந்திர விளையாட்டு அவற்றின் இருக்கைகளை இளைஞர்களால் நிரப்பியது.

இரவு பகலாகத் திறந்திருந்த இக்கூடங்களில் விசைப்பலகைக்கு அருகிலேயே சாம்பல் கிண்ணம் இருந்தது. பசித்தால் வெந்நீர் ஊற்றிய ராம்யோன் நூடுல்ஸ் இருக்கைக்கே வந்தது. உறக்கத்தையும் உணவையும் நடமாட்டத்தையும் ஒருசேரக் குலைக்கும் இவ்வமைப்பின் விளைவு, 2002-இல் குவாங்ஜு நகரில் ஏறத்தாழ 86 மணி நேரம் விளையாடிய இளைஞர் ஒருவரும், 2005-இல் தேகு நகரில் ஏறத்தாழ 50 மணி நேரம் விளையாடிய மற்றொருவரும் இறந்தபோது நாடறிந்த செய்தியாயிற்று. ஆயினும் இக்கூடங்களில் புகைபிடிப்பதை முற்றிலும் தடுக்கும் விதி 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பது வியப்புக்குரியது.

சிறுவர்களின் மிகை விளையாட்டைக் கட்டுப்படுத்த அரசு கைக்கொண்ட அளவுகோல் கடிகாரமே. 2011 நவம்பரில் செயலுக்கு வந்த சட்டப்படி, 16 வயது நிரம்பாதோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் நுழைய இயலாது. ‘சிண்டரெல்லா சட்டம்’ என்ற கேலிப்பெயர் அதற்கு விரைவிலேயே ஒட்டிக்கொண்டது. 2012-இல் பிரெஞ்சு அமைப்பொன்று நடத்திய ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியில் ஆடிக்கொண்டிருந்த 15 வயது வீரர், பாதி ஆட்டத்தில் இத்தடைக்கு ஆளானார். சாதாரணச் சிறுவர்களோ பெற்றோரின் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே சென்றனர். திறன்பேசி விளையாட்டுகளைச் சட்டம் தொடவேயில்லை.

வயது வரம்பும் கேள்விக்குரியதே. கொரிய மாணவர் உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டிலேயே 16-ஐ எட்டிவிடுவதால், 2010-இல் தொடங்கப்பட்ட ‘மைஸ்டர்’ பள்ளிகள் முதலிய தொழிற்கல்வி நிலையங்களில் பயின்று, இறுதியாண்டில் தொழிற்சாலைக் களப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலும் இச்சட்டத்துக்கு வெளியே நின்றனர். இரவு 10 மணிக்குப் பின் கூடங்களுக்குள் செல்ல அவர்களுக்கும் தடை இருந்ததே தவிர, வீட்டில் விடியும்வரை விளையாடிவிட்டுக் காலையில் இயந்திரத்தின் முன் நிற்பதைத் தடுக்க விதியில்லை.

உலக சுகாதார அமைப்பு 2019 மே மாதம் ஏற்ற நோய் வகைப்பாடு, ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை வேறு விதமாக வரையறுத்தது: விளையாட்டின்மீது கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளுக்கு மேலாக அதற்கு முதலிடம் தருதல், தீங்கு விளைந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களேனும் நீடிக்க வேண்டும். எத்தனை மணி நேரம், எந்த வேளையில் என்ற கணக்கு அதில் இல்லை.

இறுதியில் சட்டத்தை அசைத்தது மருத்துவ வாதமன்று. 2021-இல் மைன்கிராஃப்ட் விளையாட்டின் கணக்கு முறை மாற, உலகெங்கும் சிறுவர் ஆடும் அவ்விளையாட்டு இச்சட்டத்தின் காரணமாகக் கொரியாவில் மட்டும் வயதுவந்தோருக்கு உரியதாயிற்று. எழுந்த எதிர்ப்பை அடுத்து அரசு ஆகஸ்டில் நீக்கத்தை அறிவித்தது, 2022 ஜனவரி 1 அன்று தடை முடிவுக்கு வந்தது. பெற்றோரோ மாணவரோ கேட்டுக்கொண்டால் மட்டும் விளையாட்டு நேரத்தை வரையறுக்கும் ஏற்பாடு எஞ்சியது. ‘விளையாட்டுக் கோளாற்றை’ நாட்டின் நோய்ப் பட்டியலில் சேர்ப்பதா என்பதில் சுகாதாரத் துறையும், விளையாட்டுத் தொழிலை வளர்க்கும் பண்பாட்டுத் துறையும் எதிரெதிர் நிலையில் நின்றன.