வாழைச்சேனைக்கு வந்த இறுவட்டு

2006ஆம் ஆண்டின் கடைசி வாரங்களிலும் 2007 ஜனவரியிலும் வாகரைப் பக்கத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிய மக்கள் ஆயிரக்கணக்கில் வாழைச்சேனையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வந்தடைந்தார்கள். செய்தி சேகரிக்கப் போயிருந்த எனக்கு அந்நாட்களில் காரியாலயமாக இருந்தது பிரதான வீதியோரத்துத் தட்டச்சு நிலையம் ஒன்று. இரண்டு கணனிகள், ஓர் அச்சுப்பொறி, மின்சாரம் நின்றுவிட்டால் வெளியே எடுத்துப் போட்டு உட்காருவதற்கு இரண்டு கதிரைகள். வழக்கமாக அங்கே வேலை விண்ணப்பங்களும் கலியாணக் கடிதங்களும் தட்டச்சாகும். அந்த வாரங்களில் வந்தவையோ பெயர்ப் பட்டியல்கள்: குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விட்டு வந்த ஊர், வழியில் தவறிப்போனவர்கள் பற்றிய விபரம்.

அப்பட்டியல்களில் ஒன்றைப் பிரதியெடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிய இரவு, என் பென் ட்றைவில் இருந்த கோப்புறைகள் அத்தனையும் மறைந்து, அவற்றின் பெயர்களிலேயே சிறு சிறு நிரல்கள் முளைத்திருந்தன. அந்தக் காலத்து வாசகர்கள் பலருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதுதான். என்னைக் கலங்கடித்தது கோப்புகள் தொலைந்தது அல்ல. எங்கிருந்தோ வந்த ஒரு நிரல், யார் எழுதியதென்றே தெரியாத ஒன்று, அந்தப் பெயர்கள் இருந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதுதான். ஒரு பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் மனிதரின் தலைவிதியைத் தீர்மானித்த காலம் அது. கடதாசியில் எழுதியிருந்தால் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். (வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலையைக் கொண்ட ஊரில் இருந்துகொண்டு இப்படி நினைக்க வேண்டியிருந்தது.)

அந்தக் கணனிக்குள் நச்சுநிரல் நுழைந்த விதத்தில் மர்மம் எதுவும் இல்லை. வின்டோஸ் எக்ஸ்பி, வீதியோரக் கடையில் வாங்கிய கொப்பி இறுவட்டிலிருந்து நிறுவப்பட்டது. அதன் பூட்டைத் திறக்கும் எண்ணை உருவாக்கித் தந்த சிறு நிரல் எவருடையதென்று எவருக்கும் தெரியாது. திருட்டுப் பிரதி என்ற எச்சரிக்கை திரையில் தோன்றிவிடுமோ என்ற பயத்தில் பாதுகாப்பு மேம்படுத்தல்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். கணனியைப் பாவிப்பவர் எவரானாலும் அதன் முழு அதிகாரியாகவே உள்ளே நுழைவார். ஆகவே அவர் கை தொடும் நச்சுநிரலுக்கும் அதே அதிகாரம் கிடைக்கும். பென் ட்றைவைச் செருகிய மாத்திரத்தில் உள்ளே இருப்பதைத் தானாக இயக்கும் வசதி வேறு. அந்த வசதியைப் பழைய வின்டோஸ் பதிப்புகளில் மைக்ரோசொப்ட் முடக்கியது 2011 பெப்ரவரியில்தான்.

அந்நிலையத்தில் வேலை செய்த இளைஞர் ஒருவரிடம் தபாலில் வந்த உபுண்டு 6.06 இறுவட்டு இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக அவற்றை அனுப்பும் திட்டத்தை உபுண்டு நிறுவனத்தார் 2011 வரை நடத்தினார்கள். அவர் அந்த இறுவட்டிலிருந்தே கணனியை இயக்கி, என் பென் ட்றைவைச் செருகினார். நச்சுநிரல்கள் வெறும் கோப்புகளாகச் செத்த மீன்கள்போலக் கிடந்தன. மறைக்கப்பட்டிருந்த என் கோப்புறைகள் பக்கத்திலேயே பத்திரமாக இருந்தன. “இதுக்கு வைரஸ் வராது, ஐயா” என்றார் அவர். அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பல ஆண்டுகளாக நான் விசாரித்து வருகிறேன். தொழில் பழக்கம்.

லினக்ஸ் கணனிகளின் பாதுகாப்பு, வைரஸ் எழுதுவோர் அவற்றை அலட்சியம் செய்ததால் மட்டும் வந்ததல்ல. மென்பொருள் எந்த வாசலால் உள்ளே வருகிறது என்பதில்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது. தொடக்கத்தில் அந்த வாசல் கரடுமுரடானது. மூலநிரலைச் சுருக்கிய கோப்பாக இறக்கி, பாவிப்பவர் தம் கணனியிலேயே அதைத் தொகுத்து நிறுவ வேண்டும். 1993 ஓகஸ்டில் இயன் மேர்டொக் என்ற மாணவர் டெபியன் திட்டத்தை அறிவித்தார். தொகுத்து ஆயத்தமாக்கிய பொதிகளைத் தன்னார்வலர்கள் பொறுப்பெடுத்துப் பராமரிப்பது அதன் வழி. 1999இல் வெளிவந்த டெபியன் 2.1 உடன் ஏபிரி என்ற கருவி சேர்ந்தது. ஒரு மென்பொருளின் பெயரைச் சொன்னால் போதும். அதற்குத் துணையாக வேண்டியவற்றையும் சேர்த்துக் களஞ்சியத்திலிருந்து அது கொண்டுவந்து நிறுவும். இன்று கைத்தொலைபேசியில் செயலிக் கடையைத் திறப்பவர்கள் அந்தக் கருவியின் பேரப்பிள்ளையைத்தான் பாவிக்கிறார்கள்.

ஆனால் களஞ்சியத்திலிருந்து வருவது களஞ்சியத்தில் வைத்ததுதான் என்பதற்கு என்ன சாட்சி? 2003 நவம்பரில் டெபியனின் நான்கு வழங்கிகளுக்குள் அந்நியர் புகுந்தனர். பொதிக் களஞ்சியம் தப்பியது. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 இல் கையொப்பச் சோதனை முறையாக இடம்பெற்றது. பத்திரிகைக்காரன் கண்ணுக்கு அது நன்கு விளங்கும் முறைதான். ஒவ்வொரு பொதிக்கும் கணித முறையில் ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. அந்தக் கைரேகைகள் அனைத்தும் ஒரு பட்டியலில் பதியப்படுகின்றன. பட்டியலின் கைரேகை இன்னொரு கோப்பில் இடம்பெறுகிறது. அந்தக் கடைசிக் கோப்பில் மட்டுமே டெபியனின் கையொப்பம் இருக்கும். பக்கத்தின் ஒவ்வொரு பத்தியிலும் ஆசிரியர் கையெழுத்திடுவதில்லை. அச்சுக்குப் போகும் இறுதிப் படியில் ஒருமுறை இடுகிறார். அதன்பின் ஓர் எழுத்து மாறினாலும் படி பொருந்தாது. பொதி எந்த நாட்டு வழங்கியிலிருந்து, எத்தனை கைமாறி வந்தாலும், ஏபிரி இந்தச் சங்கிலியைச் சரிபார்த்த பின்னரே நிறுவும்.

எங்கள் மொழிக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை உலகம் பாமினி எழுத்துருவில் வாழ்ந்தது. அது எவரிடமிருந்தும் எவரிடமும் போகும். எழுத்துருவோடும் விசைப்பலகை நிரலோடும் ஒரு நச்சுநிரலும் கூடவே வரும். தமிழில் எழுதுவதற்காகவே ஆபத்தை விலைக்கு வாங்கினோம். உபுண்டுவிலோ தமிழ் எழுத்துருக்கள் களஞ்சியத்திலேயே ஒரு பொதியாக, மற்ற மென்பொருள்களுக்குச் சமமாக, அதே முத்திரையோடு இருந்தன. 2004 சுனாமியின் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காகக் கொழும்பு நிரலாளர்கள் ‘சகானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். 2006ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது அதற்குக் கிடைத்தது. பெயர்ப் பட்டியல்களை எதில் வைப்பது என்ற கேள்விக்கு நாட்டிலேயே ஒரு விடை இருந்தது. வீதியோரத் தட்டச்சு நிலையத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை.

இனி, நான் மிகவும் பிந்தி விளங்கிக்கொண்ட விடயத்துக்கு வருகிறேன். அந்த நிலையத்தில் இணையம் தொலைபேசி வழியே ஊர்ந்து வந்தது. களஞ்சியத்திலிருந்து பெரிய பொதியை இறக்குவது நடவாத காரியம். ஆகவே அந்த இளைஞர் மட்டக்களப்புக்குப் போகும்போதெல்லாம் தேவையான பொதிகளைப் பென் ட்றைவில் ஏற்றிவந்து ஒவ்வொன்றாக நிறுவினார். நானும் சில தடவைகள் சுமந்து சென்றேன். மேலே சொன்ன சங்கிலியில் கையொப்பம் இருப்பது பட்டியலின் மேற்கோப்பில். தனியே பிரித்தெடுத்த பொதியில் வழக்கமாக அது கிடையாது. அதை நிறுவும் டிபிகேஜி கருவி கேட்பதும் கிடையாது. அதுமட்டுமா? நிறுவும் வேளையில் பொதிக்குள் இருக்கும் கட்டளைகள் முழு அதிகாரத்துடன் இயங்கும். கடவுச்சொல்லைக் கொடுப்பவர் நாமே. இணையம் வேகமாயிருந்த ஊர்களில் முத்திரையிட்ட வாசலால் வந்த அதே மென்பொருள், வாழைச்சேனைக்குப் பழைய பென் ட்றைவ் வழியால்தான் வந்தது. வறிய ஊருக்குப் பாதுகாப்பும் வறுமையாகவே கிடைத்தது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2009 டிசெம்பரில் நீர்வீழ்ச்சித் திரைக்காப்பு என்ற பெயரில் ஓர் அலங்காரத் தளத்தில் வைக்கப்பட்ட பொதி, நிறுவியவர்களின் கணனிகளைப் பிற தளங்களைத் தாக்கும் படையாக மாற்ற முயன்றது. 2016 பெப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பையே பின்கதவு வைத்த பிரதியின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

முத்திரையும் முழுக் காவல் அல்ல. 2008 மே 13 அன்று டெபியன் வெளியிட்ட அறிவிப்பை இன்று வாசித்தாலும் வியர்க்கும். நினைவகச் சோதனைக் கருவி ஒன்று குறை சொன்னதென்று, 2006இல் ஓபன்எஸ்எஸ்எல் பொதியின் பராமரிப்பாளர் நிரலில் மாற்றம் செய்தார். அதன் விளைவாக, எண்ணிலடங்காதவையாக இருக்க வேண்டிய மறைசாவிகள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,768 என்ற எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. அதாவது எல்லாச் சாவிகளையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ இருபது மாதங்கள் எவரும் அறியவில்லை. கெடுநோக்கம் எதுவும் இல்லை; எங்கும் எவரும் புகவில்லை. கையொப்பச் சங்கிலி தன் கடமையைச் செய்து, பிழையை உலகெங்கும் பழுதில்லாமல் விநியோகித்தது. திருத்தத்தையும் அதே சங்கிலிதான் விநியோகித்தது.

2024இல் நடந்தது வேறு. எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் கருவியைப் பெரும்பாலும் தனியாளாகப் பராமரித்து வந்த ஒருவருக்கு உதவ வந்த ‘ஜியா டான்’ என்ற பெயர், ஆண்டுக் கணக்கில் நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தது. அதை இயக்கிவைக்கும் கட்டளை, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகச் சுருக்கிய கோப்பில் மட்டும் இருந்தது. மூலம் திறந்திருந்தும் பார்த்தவர்கள் பார்த்தது ஒன்று, நிறுவப்பட்டது வேறொன்று. தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட அன்ட்ரெஸ் பிரொயிண்ட் என்ற பொறியியலாளர், துருவிப் பார்த்து மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பரீட்சார்த்தப் பதிப்புகளோடு அது நின்றது.

அந்த வாரம் வளைகுடா நாடொன்றிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. தட்டச்சு நிலையத்து இளைஞர்தான்; தலை நரைத்திருக்க வேண்டும். “ஐயா, உங்கட டெபியனில எக்ஸ்ஸெட் என்ன பதிப்பு எண்டு பாருங்கோ. பென் ட்றைவில ஆரும் தந்தால் போடவேண்டாம்.” கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். 5.4.1 என்று காட்டியது. அதைப் பதிலாக அனுப்பிவிட்டு, வாகரைப் பட்டியலின் பிரதி இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஊரைவிட்டு வரும்போது வன்தட்டைக் கழற்றி உடைத்துவிட்டதாக எழுதினார்.