வைத்தியசாலைகளில் சங்கேத அறிவிப்பு: தோற்றமும் மாற்றமும்

நோயாளி ஒருவரின் இருதயம் நின்றுவிட்ட செய்தியை ஒலிபெருக்கி வாயிலாகச் சங்கேதச் சொல்லால் அறிவித்து, வெவ்வேறு தளங்களில் பணிபுரியும் வைத்தியர்களையும் தாதியரையும் ஒரே படுக்கையருகே ஓடிவரச் செய்யும் ஏற்பாடு, வைத்தியசாலை என்ற ஸ்தாபனத்தோடு கூடவே பிறந்தது போலத் தோன்றினும், அது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் விளைந்ததே. 1960-க்கு முன் நின்ற இருதயத்தை மீண்டும் இயக்க வேண்டுமாயின், பெரும்பாலும் மார்பைக் கீறித் திறந்து, கையை உள்ளே செலுத்தி, இருதயத்தையே பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. கிளீவ்லாந்து நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் கிளாட் பெக் 1947-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனின் இருதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்டதும் மார்பு திறந்திருந்த நிலையிலேதான். சாதாரண வார்டில் இருதயம் நின்றவரைக் காக்கப் பெரும்பாலும் வழியில்லாதபோது, எவரை, எதன்பொருட்டு விரைந்து அழைப்பது?

இந்நிலையை மாற்றியது, பால்ட்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் 1960 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை. மார்பைத் திறவாமலே, மார்பெலும்பின்மேல் இரு கைகளையும் ஊன்றித் தாளகதியோடு அழுத்தினால் இரத்த ஓட்டத்தைத் தொடரச் செய்யலாமென்பதை 20 நோயாளிகளின் விவரங்களைக்கொண்டு அவர்கள் காட்டினர்; அவ்விருபதின்மருள் 14 பேர் பிழைத்தனர். மூவருள் மூத்தவரான கூவன்ஹோவன் மின்பொறியியல் பேராசிரியர் என்பது வைத்திய சாஸ்திரம் என்றும் நன்றியோடு நினைக்க வேண்டிய விஷயம். கத்தி தேவைப்படாத இம்முறையைத் தாதியரும் பயிலலாமாதலின், மரணமென்று கைவிடப்பட்ட நிலை சிகிச்சைக்குரிய நிலையாயிற்று. ஆயின் இரத்த ஓட்டம் நின்ற நான்கு முதல் ஆறு நிமிஷங்களுக்குள் மூளை சேதமுறத் தொடங்குமாகையால், ஆட்கள் வந்து சேரும் வேகத்தையே எல்லாம் பொறுத்திருந்தன. நிமிஷங்களைப் பற்றிய இக்கவலையே சங்கேத அறிவிப்புக்கு மூலகாரணம் என்பது என் துணிபு.

1962-இல் கான்சாஸ் மாநிலத்துக் கான்சாஸ் நகரில், பெத்தனி வைத்தியசாலையில், டாக்டர் ஹியூஸ் டே இருதய நோயாளிகளை இடையறாது கண்காணிக்கத் தனிப் பிரிவொன்றை அமைத்தார். அவசர மருந்துகளையும் கருவிகளையும் ஆயத்தமாகத் தாங்கி நிற்கும் சக்கர வண்டியைப் போலவே, ‘கோட் புளூ’ என்ற அழைப்பும் அங்கிருந்தே பரவியதாகப் பெரிதும் சொல்லப்படுகிறது. இருதயம் நின்றதென்று பட்டவர்த்தனமாக அறிவித்தால் அடுத்த படுக்கையிலுள்ள நோயாளியும் வாசலில் காத்திருக்கும் உறவினரும் கலங்கிப்போவர் என்ற கருணையே அதன் மறைவுக்குக் காரணம். தீப்பற்றியதை ‘டாக்டர் ரெட்’ என்றும், வன்செயலில் இறங்கிய ஒருவரை அடக்க ஆட்களை ‘டாக்டர் ஸ்ட்ராங்’ என்றும், இல்லாத வைத்தியர்களின் பெயரால் அழைத்த வைத்தியசாலைகளும் உண்டு.

ஆனால் ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் விருப்பப்படி சங்கேதம் வகுத்துக்கொண்டமையால், இரண்டு வைத்தியசாலைகளில் மாறி மாறிப் பணிபுரியும் தாதி, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்களை நினைவில் வைத்திருக்க நேர்ந்தது. 1999-இல் கலிபோர்னியாவின் அனாஹைம் நகரத்து வைத்தியசாலையொன்றில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட துயர நிகழ்ச்சியில், சூழ்நிலைக்குப் பொருந்தாத சங்கேதம் அறிவிக்கப்பட்டிருந்தது. தென் கலிபோர்னிய வைத்தியசாலைகளின் சங்கம் ஆராய்ந்தபோது, குழந்தை கடத்தப்படுவதைக் குறிக்க மட்டும் 47 சங்கேதங்களும், வன்முறையாளரைக் குறிக்க 61 சங்கேதங்களும் வழக்கிலிருந்தமை தெரியவந்தது. அதன் பின்னரே பொதுவான வர்ண வரிசையொன்றை அச்சங்கம் வகுத்தது. ஆஸ்திரேலியா தன் தேசிய நியமத்தை 1997-லேயே வெளியிட்டிருந்தது. நீலமும் சிவப்பும் குறிக்கும் பொருள் இரு வரிசைகளிலும் ஒன்றே. வெடிகுண்டு மிரட்டலுக்கோ அங்கே ஊதா, கலிபோர்னியாவில் மஞ்சள். பிரிட்டனில், இருதயம் நின்றதை அறிவித்து உதவி கோர வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபட்டிருந்த உள் தொலைபேசி எண்களுக்குப் பதிலாக, 2222 என்ற ஒரே எண் 2004-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

ஒருமைப்பாட்டினாலும் தீராத குறை ஒன்றுண்டு. ஆயுததாரி ஒருவன் நுழைந்திருக்கையில் ‘கோட் சில்வர்’ என்று அறிவித்தால், பொருள் அறிந்த ஊழியர் கதவை அடைத்துக்கொள்ள, அறியாத பார்வையாளரோ அவன் நிற்கும் தாழ்வாரத்துக்கே நடந்து செல்லக்கூடும்; கருணையால் பிறந்த மறைவு அவ்விடத்தில் அபாயமாகிறது. இதனை உணர்ந்தே மின்னசோட்டா, டெக்ஸாஸ் முதலிய மாநிலங்களின் வைத்தியசாலைச் சங்கங்கள், அபாயத்தையும் இடத்தையும் செய்யவேண்டியதையும் வெளிப்படையான மொழியில் அறிவிக்குமாறு ஊக்குவித்து வருகின்றன. அவ்வாறு மாறிய வைத்தியசாலைகள் பலவும் ‘கோட் புளூ’வை மட்டும் கைவிடாதிருப்பதற்குத் தக்க காரணமுண்டு: தீக்கும் துப்பாக்கிக்கும் கேட்பவர் எல்லோரும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும், நின்ற இருதயத்துக்கோ பயிற்சி பெற்ற சிலர் மட்டும் ஓடிவந்தால் போதும்.